கிணத்துத் தண்ணியில இவ்வளவு சுண்ணாம்பு இருக்கே, கால்சியம் மாத்திரை எதுக்கு?

கேள்வி, கீழக்கரையிலிருந்து. 2024 ஏப்ரல் 27

எங்க வீட்டுக் கிணத்துத் தண்ணியைக் காய்ச்சினா கேத்தல் அடியில வெள்ளையா ஏடு கட்டுது. ஷவர் ஓட்டையெல்லாம் அடைச்சுப் போச்சு. அது கால்சியம்தான்னு பிளம்பரே சொல்றார். இன்னொரு பக்கம் உம்மாவுக்குக் கால்சியம் கம்மின்னு டாக்டர் மாத்திரை எழுதியிருக்கார். கேன் தண்ணியை நிறுத்திட்டு இந்தக் கிணத்துத் தண்ணியையே குடிக்கக் குடுத்தா மாத்திரைக் காசு மிச்சம்தானே? ஆனா பக்கத்து வீட்டுல, 'அந்தத் தண்ணியாலதான் கல்லு வருது'ங்கறாங்க. ஒரே தண்ணி எலும்பையும் வளர்த்துக் கல்லையும் வளர்க்குமா? லேப்ல வேலை பார்க்கிறவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.

ஏப்ரல் 27, இரவு 10.40

நான் லேப்தான். மண்டபம் ஊர்ப் பக்கம், 19 வருஷம். ரத்தமும் பார்ப்பேன், கொண்டு வந்தா தண்ணியும் பார்ப்பேன்.

முதல்ல ஒண்ணு. காய்ச்சி ஏடு கட்டிருச்சுன்னா அந்தக் கால்சியம் கேத்தல்ல இருக்கு காக்கா (உங்க ஊர்ப் பேச்சுல அண்ணன்), உம்மா குடிக்கிற தண்ணியில இல்ல. மாத்திரைக் காசை மிச்சம் பிடிக்கணும்னா கேத்தலைச் சுரண்டித்தான் குடுக்கணும்.

இப்போ கணக்கு. தண்ணியோட கடினத்தன்மையை நாங்க கால்சியம் கார்பனேட் கணக்குலதான் எழுதுவோம். குடிதண்ணிக்கு இந்தியத் தர அமைப்பு சொல்ற அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம், வேற வழியே இல்லைன்னா 600 வரைக்கும். அந்த 600-உம் முழுக்கக் கால்சியம்னே வச்சுக்குவோம். கார்பனேட்டைக் கழிச்சா கால்சியம் மட்டும் 240. ரெண்டு லிட்டர் குடிச்சா 480. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராம் வேணும்னு ஐதராபாத் ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல சொன்ன கணக்குக்குக் கிட்டத்தட்ட பாதி. ஆக உங்க கேள்வி கிறுக்குத்தனமான கேள்வி இல்ல.

ஆனா நம்ம கரையில கடல் தண்ணி ஏறாத கிணறு அபூர்வம். கடல்ல கால்சியம் லிட்டருக்கு 400 சொச்சம், மக்னீசியம் 1,300-ஐ ஒட்டி. அதனால உங்க கிணத்துக் கடினத்துல பாதிக்கு மேல மக்னீசியமாத்தான் இருக்கும். அதோட உப்பு. உம்மாவுக்கு பிபி இருந்தா சோடியம் ஏறுறதுதான் பெரிய கவலை. ஒரு பாட்டில் தண்ணி கொண்டு வாங்க, பார்த்துச் சொல்றேன்.

ஏப்ரல் 28

கல்லுக்கு பதில் சொல்லாம விட்டுட்டேன். சிறுநீரகக் கல்லுல பெரும்பாலானது கால்சியம் ஆக்சலேட். பேர்ல கால்சியம் இருக்கிறதால எல்லாரும் பாலை நிறுத்துறாங்க, நெத்திலியை நிறுத்துறாங்க. அது தலைகீழ். சாப்பாட்டோட சேர்ந்து போற கால்சியம் குடல்லயே ஆக்சலேட்டைப் பிடிச்சுக்கிட்டு வெளிய போயிடும். கால்சியத்தைக் குறைச்சா ஆக்சலேட் தனியாளா ரத்தத்துக்குள்ள ஏறி சிறுநீர்ல வந்து உட்காரும்.

எங்க தெருவுல கல்லு வந்தவங்களை எண்ணிப் பார்த்தேன். ஏழு பேர். அஞ்சு பேர் விசைப்படகுக்குப் போறவங்க. ஒருத்தர் உப்பளம். போட்டுல ஒரு கேன் தண்ணியை ஆறு பேர் பங்கு போட்டுக் குடிச்சுக்கிட்டு, முழு வெயில்ல வலை இழுத்தா சிறுநீர் டீ டிக்காஷன் கணக்கா வரும். கல்லுக்கு அது போதும். தண்ணியில என்ன இருக்குங்கிறதை விட எவ்வளவு குடிச்சோம்ங்கிறது முக்கியம். இப்போ மீன்பிடித் தடைக்காலம், எல்லாரும் வீட்டுல இருக்காங்க, இந்த 61 நாளும் வயித்து வலின்னு ஊசி போட வர்றவங்க குறைவுதான். என் கண்ணு கணக்கு இது, ஆராய்ச்சின்னு எடுத்துக்காதீங்க.

மே 1

முதல் நாள் எழுதினதுல ஒரு அவசரம். கடல் தண்ணி ஏறினா மக்னீசியம்தான் கூடும்னு அடிச்சுச் சொல்லிட்டேன். நேத்து ராத்திரி தூக்கம் வராமப் படுத்திருந்தப்போ தோணுச்சு. கடல் தண்ணி நிலத்துக்குள்ள நுழையும்போது அதுல இருக்கிற சோடியம், களிமண்ணுல ஒட்டிக்கிட்டிருக்கிற கால்சியத்தைத் தள்ளிவிட்டுட்டு அந்த இடத்துல உட்கார்ந்துக்கும். தள்ளப்பட்ட கால்சியம் தண்ணிக்குள்ள வந்துடும். அப்போ கால்சியமும் கூடலாம். பார்க்காம சொல்ல முடியாது. சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன். பாட்டில் எங்கே?

மே 3

கடினத்தன்மையை எப்படிப் பார்க்கிறீங்கன்னு ஒரு தம்பி கேட்டார். 50 மில்லி தண்ணியில பஃபர் (காரத்தன்மையை மாறாம வைக்கிற கரைசல்) விட்டு, எரியோகுரோம் பிளாக் டிங்கிற சாயம் ஒரு சிட்டிகை போட்டா ஒயின் சிவப்பு வரும். மேல ப்யூரெட்ல இருந்து இ.டி.டி.ஏ. சொட்டுச் சொட்டா. குடுவையைச் சுத்திக்கிட்டே இருக்கணும். சிவப்பு ஊதாவாகும், ஊதாவுலயே இழுத்துக்கிட்டு நிக்கும், அப்புறம் ஒரே ஒரு சொட்டு, முழுக்க நீலம். அந்த ஒரு சொட்டுக்காகவே எனக்கு இந்த வேலை பிடிக்கும்.

இந்த இ.டி.டி.ஏ. கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கண்டா விடாது. நண்டு கொடுக்குல பிடிக்கிற மாதிரி பிடிக்கும். இதே சாமான்தான் ரத்தம் எடுக்கிற ஊதா மூடிக் குழாயிலயும் இருக்கு. ரத்தம் உறையறதுக்குக் கால்சியம் வேணும், அதைப் பிடிச்சு வச்சுட்டா உறையாது.

இதுல நான் பட்ட அவமானத்தைச் சொல்லணும். வேலைக்குச் சேர்ந்த ரெண்டாவது வருஷம். அப்போ வேற லேப், ஊர் பேர் வேண்டாம். ஒரு வயசான அம்மாவுக்கு நரம்பே கிடைக்கல. ஊதா மூடியில ரெண்டு மில்லி வந்துச்சு, சிவப்பு மூடியில கால் மில்லி கூட இல்ல. மறுபடி குத்த மனசு வராம, ஊதாவுல இருந்து கொஞ்சத்தைச் சிவப்புல ஊத்திட்டேன். ரிசல்ட்: கால்சியம் 3.4, பொட்டாசியம் 9.8. அந்த அளவுல மனுஷன் உட்கார்ந்திருக்க முடியாது. அந்த அம்மா வெளிய பெஞ்சுல பன்னை டீயில நனைச்சுத் தின்னுக்கிட்டு இருக்கு. பெரியவர் ஒருத்தர் இருந்தார் சீனியரா, பேப்பரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எதுல இருந்து எதுல ஊத்துனே?"ன்னு மட்டும் கேட்டார். ஊதா மூடியில இருக்கிறது பொட்டாசியம் உப்பா இருக்கிற இ.டி.டி.ஏ. கால்சியத்தைப் பிடிச்சுக்கிட்டு பொட்டாசியத்தைக் கொட்டிருக்கு. பெஞ்சுல இருந்த அம்மாவைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டு மறுபடி குத்தினேன். எல்லாம் நார்மல்.

அதனால கால்சியம் ரொம்பக் கம்மின்னு ரிப்போர்ட் வந்து, ஆளு தெம்பா நடமாடினா, மாத்திரைக்கு முன்னாடி மறுபடி ஒரு தடவை ரத்தம் எடுத்துப் பாருங்க.

மே 3, கொஞ்சம் கழிச்சு

காக்கா, உம்மாவோட ரிப்போர்ட்ல ஆல்புமின், அதாவது ரத்தத்துல இருக்கிற ஒரு புரதம், எவ்வளவு?

மே 6

ரிப்போர்ட் போட்டோ பார்த்தேன். கால்சியம் 7.9, ஆல்புமின் 2.9.

உடம்புல மொத்தம் ஒரு கிலோ கிட்ட கால்சியம் இருக்கும், 99 சதவீதம் எலும்புலயும் பல்லுலயும். ரத்தத்துல ஓடுறது சில்லறை. அந்தச் சில்லறையிலயும் பாதிதான் சும்மா சுத்துது, மீதியில பெரும்பங்கு ஆல்புமின் முதுகுல ஏறிக்கிட்டுப் போகுது. ஆல்புமின் குறைஞ்சா மொத்தக் கணக்கு குறைஞ்ச மாதிரி காட்டும், ஆனா நரம்புக்கும் இதயத்துக்கும் வேண்டிய அந்தத் தனிக் கால்சியம் குறைஞ்சிருக்காது. 4-ல இருந்து ஆல்புமின் எவ்வளவு குறைவோ அதை 0.8-ஆல பெருக்கிக் கூட்டணும். 1.1 பெருக்கல் 0.8, 0.88. கூட்டினா 8.8. நார்மல்.

அப்படின்னா மாத்திரை வேண்டாம்னு அர்த்தமில்ல. ரத்தத்துல கால்சியம் சரியா இருந்தும் எலும்பு காலியாகிக்கிட்டு இருக்கலாம். ரத்தத்துல கொஞ்சம் குறைஞ்சாலும் கழுத்துல இருக்கிற பாராதைராய்டு சுரப்பி எலும்புல இருந்து எடுத்து ரொப்பிடும். வீட்டுல சாப்பாடு குறையாம இருக்கும், நகை அடகுக்குப் போய்க்கிட்டே இருக்கும், அந்தக் கதை. டாக்டர் எதுக்காக எழுதினார்னு கேளுங்க. வைட்டமின் டி பார்த்தாங்களான்னும் கேளுங்க. இவ்வளவு வெயில் அடிக்கிற ஊர்ல டி எப்படிக் குறையும்னு சிரிக்காதீங்க, வீட்டுக்குள்ளயே இருக்கிறவங்களுக்கும் வெளிய போனா முழுக்க மூடிக்கிட்டுப் போறவங்களுக்கும் குறையுது. தினம் பார்க்கிறேன்.

மே 9

ஒரு தங்கச்சி தனியா எழுதிக் கேட்டிருக்கு: அக்காவுக்கு ஏழாம் மாசம், பிபி ஏறிருச்சு, ஆஸ்பத்திரியில 'மக்னீசியம் ஊசி போடணும்'ங்கறாங்க, பயமா இருக்குன்னு. இதை விவரமாவே எழுதறேன், ஏன்னா எங்க வீட்டுலயே நடந்தது.

எங்க அக்காவுக்கு ரெண்டாவது பிரசவம். காலு முகமெல்லாம் வீக்கம், தலைவலி, கண்ணுல மினுமினுன்னு தெரியுதுன்னுச்சு. ஆட்டோவுல போகும்போதே வலிப்பு. ஆஸ்பத்திரியில முதல்ல மெதுவா நரம்புல 4 கிராம் மக்னீசியம் சல்பேட், அப்புறம் இடுப்புக்குக் கீழ ரெண்டு பக்கமும் அஞ்சஞ்சு கிராம். அந்த ஊசி கொடுமையான வலி. அரை மயக்கத்துலயும் அக்கா கத்தினது இன்னும் காதுல இருக்கு. அதுக்கப்புறம் நாலு மணி நேரத்துக்கு ஒருக்க அஞ்சு கிராம்.

ஒவ்வொரு தடவையும் ஊசிக்கு முன்னாடி அந்த நர்ஸம்மா ரப்பர் சுத்தியலை எடுத்து அக்கா முழங்காலுக்குக் கீழ தட்டும். காலு உதறணும். அப்புறம் கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டு மூச்சை எண்ணும். அப்புறம் குனிஞ்சு சிறுநீர்ப் பையில எவ்வளவு விழுந்திருக்குன்னு பார்க்கும். நான் அப்போ படிச்சுக்கிட்டுதான் இருந்தேன், எதுக்கு முழங்காலைத் தட்டுதுன்னு புரியல. கேட்டதுக்கு, "காலு உதறலைன்னா ஊசி கிடையாது தம்பி"ன்னுச்சு. தலைமாட்டு மேசையில ஒரு ட்ரேயில சிரிஞ்சு ஏத்தாம ஒரு ஆம்பூல் தனியா இருந்துச்சு. கால்சியம் குளுக்கோனேட். அதைத் தொடாதேன்னு ரெண்டு தடவை சொன்னாங்க.

பின்னாடிதான் புரிஞ்சது. நரம்பு முனையில கால்சியம் உள்ள போனாத்தான் தசைக்குச் சேதி போகும். மக்னீசியம் அந்த வாசல்ல உட்கார்ந்துக்கிட்டு கால்சியத்தை உள்ள விடாது. மக்னீசியம் அளவா இருந்தா வலிப்பு அடங்கும். அதிகமா மறிச்சா முதல்ல முழங்கால் உதறல் நிக்கும், அதுக்கப்புறம்தான் மூச்சு. அதனாலதான் முழங்காலைத் தட்டுறாங்க, மூச்சு நிக்கிறதுக்கு முன்னாடி அது சொல்லிடும். மக்னீசியம் வெளிய போற ஒரே வழி சிறுநீர், அதனால பையைப் பார்க்கிறாங்க. கைமீறினா அந்த ஆம்பூல். கால்சியம் உள்ள வந்து மக்னீசியத்தை வாசல்ல இருந்து எழுப்பிவிடும்.

2002-ல வந்த மேக்பை ஆய்வு, 33 நாடுகள், 10,000-க்கும் மேல பெண்கள். பிபி ஏறின கர்ப்பிணிகளுக்கு முன்கூட்டியே இதைக் குடுத்தா வலிப்பு வர்ற வாய்ப்பு பாதிக்கும் கீழ குறையுதுன்னு காட்டுச்சு. விலையும் அல்பம். தங்கச்சி, தைரியமாப் போட விடுங்க. முழங்காலைத் தட்டுறாங்களான்னு மட்டும் பார்த்துக்கோங்க. எங்க அக்கா மகன் இப்போ பாலிடெக்னிக் படிக்கிறான்.

மே 10

பேதி உப்பையே வீட்டுல கரைச்சுக் குடுக்கலாமான்னு கேட்கிறவங்களுக்கு: இல்ல. மக்னீசியம் சல்பேட்ங்கிறது கடையில விக்கிற பேதி உப்புதான்ங்கிறது சரி, 1618-ல இங்கிலாந்துல எப்சம்ங்கிற ஊர்க் கசப்பு ஊற்றுல கண்டுபிடிச்சதுதான். அதுக்காகக் கர்ப்பிணிக்கு அதைக் கரைச்சுக் குடுக்கலாமான்னா இல்ல, இல்ல, இல்ல. வாய் வழியா அது குடல்லயே தங்கித் தண்ணியை இழுத்து பேதியாக்கும், ரத்தத்துக்குக் கொஞ்சம்தான் போகும். யாரும் வீட்டுல முயற்சி பண்ணாதீங்க. நேத்து எழுதினதை வாட்ஸப்புல வெட்டிப் போட்டு அனுப்பியிருக்காங்க, அதான் இவ்வளவு சத்தமா எழுதறேன்.

மே 14

பேதி உப்புன்னதும் வாலிநோக்கம் ஞாபகம். எங்க சித்தப்பா அங்க உப்பளத்துல இருந்தார். லீவுக்குப் போனா பாத்தி வரப்புல நடக்க விடுவார். கடல் தண்ணி காயக் காய முதல்ல சுண்ணாம்பு பிரியும், அப்புறம் ஜிப்சம், வெறுங்காலுல மிதிச்சா கண்ணாடித் தூள் மாதிரி குத்தும். உப்பு அடர்த்தியை அளக்கிற போமே மானியில 25 டிகிரி காட்டினாத்தான் உப்பு இறங்கும். 30-ஐத் தாண்டிட்டா மிஞ்சின தண்ணியை வெளிய விட்டுடணும். விடாம ஆசைப்பட்டு இன்னும் வாரினா உப்பு கசக்கும், மழைக்காலத்துல மூட்டையே அழும். அது மக்னீசியம் குளோரைடு, காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும்.

அந்தத் தண்ணியை விரல்ல தொட்டு நாக்குல வைக்கச் சொன்னார் ஒருநாள். பிசுபிசுன்னு எண்ணெய் மாதிரி இருக்கும். கசப்பு தொண்டை வரைக்கும் போய் ஒரு மணி நேரம் இறங்கல. அவர் சிரிச்சுக்கிட்டே, "இதுலதான்டா எல்லாச் சத்தும் போகுது"ன்னார். விளையாட்டாச் சொன்னாலும் சரிதான், கடல்ல இருக்கிற மக்னீசியம் முழுக்க அதுலதான்.

மே 17

ரொம்ப நாளா கால் கெண்டை பிடிச்சு இழுக்குது, கால்சியம் போட்டும் நிக்கலைன்னு ஒருத்தர். கெண்டை பிடிக்கிற எல்லாத்துக்கும் மக்னீசியம் காரணமில்ல, கடைக்காரர் அப்படித்தான் சொல்லி விப்பார். ஆனா ஒரு பேஷண்டைச் சொல்றேன். பிபி பார்க்கக் கையில பட்டையைச் சுத்திக் காத்தடிச்சுக் கொஞ்ச நேரம் விட்டா, விரலெல்லாம் ஒண்ணு சேர்ந்து மணிக்கட்டு மடங்கிக் கொக்கு மூக்கு மாதிரி ஆயிடும். கால்சியம் குறைஞ்சதோட அடையாளம் அது. கால்சியம் ஏத்தினாங்க, ஒரு நாள் சரியாகும், மறுநாள் அதே கை. கடைசியில மக்னீசியம் பார்த்தா 0.8. இருக்க வேண்டியது 1.7-க்கு மேல. மக்னீசியம் ரொம்பக் குறைஞ்சா பாராதைராய்டு வேலையே செய்யாது, கால்சியம் எவ்வளவு ஊத்தினாலும் நிக்காது. மக்னீசியம் குடுத்த பிறகு ரெண்டும் ஏறுச்சு.

எதனால குறைஞ்சது? வருஷக்கணக்கா காலையில வெறும் வயித்துல போடுற அந்த நெஞ்செரிச்சல் கேப்சூல். பான்டோபிரசோல் வகையறா நாள்பட எடுத்தா மக்னீசியம் குறையலாம்னு 2011-லயே அமெரிக்க மருந்துத் துறை எச்சரிச்சிருக்கு. குடியும் ஒரு காரணம். நம்ம ஊர்ல அந்தக் கேப்சூலை மிட்டாய் மாதிரி விழுங்குறாங்க. தானா நிறுத்தாதீங்க, எத்தனை வருஷமாச்சுன்னு டாக்டர்கிட்ட ஞாபகப்படுத்துங்க.

மே 18

கொக்கு மூக்குன்னா எந்தக் கொக்குன்னு கேட்டவருக்கு: மீனைக் கொத்தப் போற கொக்கு.

மே 22

கால்சியம், மக்னீசியத்தோட குடும்பத்துலயே வர்ற பேரியத்தைப் பரமக்குடித் தம்பி நல்லாப் பிடிச்சார். பட்டாசுல பேரியம் கூடாதுன்னு 2018-ல உச்ச நீதிமன்றம் தடை போட்டுச்சு, விஷம்னாங்க. அதே பேரியத்தை ஆஸ்பத்திரியில டம்ளர்ல ஊத்திக் குடிக்கச் சொல்றாங்களே?

குடிக்கக் குடுக்கிறது பேரியம் சல்பேட். தண்ணியில கரையவே கரையாது, குடலும் உறிஞ்சாது, போன மாதிரியே வெளிய வந்துடும். எக்ஸ்ரேயில மட்டும் வெள்ளையாத் தெரியும். என் தம்பிக்குச் சோறு நெஞ்சுல அடைக்குதுன்னு எடுத்தாங்க. குடிச்சுட்டு வந்து, "வெள்ளையடிக்கிற வாளியை அப்படியே தூக்கிக் குடிச்ச மாதிரி இருக்கு"ன்னான். ரெண்டு நாள் கழிச்சு கக்கூஸ்ல இருந்து கத்தினான், வெள்ளையாப் போகுதுன்னு. முன்னாடியே யாரும் சொல்லல போல.

கரையிற பேரியம் வேற கதை. குளோரைடு, நைட்ரேட், எலிக்கு வைக்கிற கார்பனேட்டும்தான், தண்ணியில கரையாட்டியும் வயித்து அமிலத்துல கரைஞ்சுடும். செல்லுல இருந்து பொட்டாசியம் வெளிய வர்ற வழியை அடைச்சுடும். ரத்தத்துல பொட்டாசியம் வத்திப் போய்க் கை கால் விழுந்து, இதயம் தாறுமாறாத் துடிக்கும். சிகிச்சையில ஒண்ணு என்ன தெரியுமா? வாய் வழியா சல்பேட் உப்பு, நம்ம பேதி உப்புகூடத்தான். வயித்துக்குள்ளயே பேரியம் சல்பேட்டா மாறி உட்கார்ந்துடும். எங்க லேப்ல தண்ணியில சல்பேட் இருக்கான்னு பார்க்கப் பேரியம் குளோரைடு விடுவோம், பால் திரிஞ்ச மாதிரி வெள்ளையாகும். அதே விஷயம்தான், இங்க குடுவை, அங்க வயிறு.

பட்டாசுல பச்சை நிறம் பேரியம், சிவப்பு ஸ்ட்ரான்சியம்.

மே 23

ஸ்ட்ரான்சியம்னு ஒண்ணு இருக்கிறதே இன்னிக்குத்தான் தெரியும்ங்கிறீங்க. நீங்க தினமும் அதுலதான் குளிக்கிறீங்க. கடல் தண்ணியில லிட்டருக்கு 8 மில்லிகிராம். பவளம் கால்சியத்தை எடுத்து வீடு கட்டும்போது இதையும் சேர்த்துக் கட்டிடும், ஏன்னா ரெண்டுக்கும் குணம் ஒண்ணு. தண்ணி குளிர்ச்சியா இருந்தா கொஞ்சம் கூடச் சேரும். அதனால பழைய பவளத்தை அறுத்து ஸ்ட்ரான்சியம் கணக்குப் பார்த்து, அந்தக் காலத்துக் கடல் சூட்டையே சொல்றாங்க. தனுஷ்கோடியில 1964 புயல்ல இடிஞ்ச சுவரைத் தொட்டுப் பார்த்திருப்பீங்க, ஓட்டை ஓட்டையாப் பவளக்கல்லு. எங்க தாத்தா காலத்துல தீவுல இருந்து பவளத்தை வெட்டி வந்து சூளையில சுட்டுச் சுண்ணாம்பாக்கினாங்க. மன்னார் வளைகுடாவுல 21 தீவுல ரெண்டு முங்கிப் போனதுக்கு அந்த வெட்டும் ஒரு காரணம். எங்க வீட்டுப் பழைய சுவர்லயும் அந்தச் சுண்ணாம்பு இருக்கு. அதைப் பத்திப் பேசினா அப்பா கோவிப்பார்.

உடம்புக்கும் பவளத்துக்கும் இதுல வித்தியாசமில்ல. எலும்புக்குக் கால்சியம் எது ஸ்ட்ரான்சியம் எதுன்னு சரியாப் பிரிக்கத் தெரியாது. அணுகுண்டுச் சோதனை நடந்தப்போ ஸ்ட்ரான்சியம்-90 புல்லுல விழுந்து, மாட்டுப் பால்ல வந்து, குழந்தைங்க பல்லுல ஏறுச்சு. அதுல பாதி அழியவே சுமார் 29 வருஷம். அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ் ஊர்ல 1958-ல இருந்து விழுந்த பால் பல்லைச் சேர்த்துப் பார்த்தாங்க. நாம கூரையில எறியிறோம், அவங்க தபால்ல அனுப்பினாங்க.

அதே ஏமாளித்தனத்தை வைத்தியத்துக்கும் பயன்படுத்துறாங்க. புத்துநோய் எலும்புக்குப் பரவி வலிக்கும்போது ஸ்ட்ரான்சியம்-89 ஊசி. கால்சியம்னு நினைச்சு எலும்பு இழுத்துக்கும், கதிர் வலி இருக்கிற இடத்துலயே வேலை செய்யும். ரேடியமும் கால்சியத்தோட இந்தக் குடும்பம்தான். 1920-கள்ல அமெரிக்காவுல கடிகார முகத்துல ரேடியம் பெயின்ட் தீட்டின பொண்ணுங்க, தூரிகை முனையை உதட்டுல வச்சுக் கூராக்கி, தாடை எலும்பு அழுகிச் செத்தாங்க. இப்போ ரேடியம்-223, பாதி ஆயுசு 11 நாள் சொச்சம், புராஸ்டேட் புத்துநோய் எலும்புக்குப் போனவங்களுக்கு 2013-ல இருந்து மருந்தா இருக்கு. இந்தக் குடும்பத்துல முதல் ஆள் பெரிலியத்துக்கு உடம்புல வேலையே கிடையாது, தூளை மூச்சுல இழுத்தா நுரையீரல் போச்சு.

மே 26

அம்மா இதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுட்டு ஒரு கேள்வி கேட்டுச்சு: "நாங்க எடுக்கிற பாசிக்கு இதுல பங்கு இல்லையா?" இருக்கு. அம்மா முப்பது வருஷம் முட்டளவு தண்ணியில நின்னு கட்டக்கோரையும் பக்கோடா பாசியும் பறிச்சது, விரல்ல துணி சுத்திக்கிட்டு. அதுல இருந்துதான் ஆல்ஜினேட் எடுக்கிறாங்க. சோடியம் ஆல்ஜினேட் கரைசல்ல கால்சியம் விட்டா அப்படியே கட்டி அல்வாவாகும். பல் டாக்டர் வாயில அச்சு எடுக்கிற பசை அதுதான். ரத்தம் கசியிற புண்ணுக்கு வைக்கிற கால்சியம் ஆல்ஜினேட் பஞ்சு, கால்சியத்தை விட்டுக்குடுத்து ரத்தம் உறைய உதவும். 1960-கள்ல, ஆல்ஜினேட் சாப்பிட்டா குடல்ல ஸ்ட்ரான்சியம் ஏறுறது குறையுதுன்னுகூட ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. சொன்னேன். "அப்போ கிலோவுக்கு இன்னும் கூடத் தரலாம்ல?"ன்னுச்சு.

ஜூன் 2

சங்கு பற்பம், பவள பற்பம் பத்தி நான் வேணும்னேதான் பேசாம இருந்தேன், சண்டை வரும்னு. ரெண்டும் அடிப்படையில கால்சியம். நல்ல சித்த வைத்தியர் அளந்து குடுத்தா அவர் பாடு. இன்ஸ்டாவுல பார்த்து ஸ்பூன் கணக்குல தின்னா என் பாடு, ஏன்னா ரிப்போர்ட் என்கிட்ட வரும். கால்சியம் கார்பனேட்டும் காரமும் (அமிலத்துக்கு எதிரானது, மிளகாய்க் காரம் இல்ல) அளவு மீறினா ரத்தத்துல கால்சியம் ஏறி சிறுநீரகம் படுத்துடும். வெத்தலைச் சுண்ணாம்பாலயே அப்படி ஆனது தைவான்ல பதிவாகியிருக்கு. எங்க அப்பத்தா 80 வயசு வரைக்கும் நாளைக்குப் பதினைஞ்சு வெத்தலை போட்டுச்சு, ஒண்ணும் ஆகலங்கிறதையும் நேர்மையாச் சொல்லணும். எலும்பு மட்டும் உடைஞ்சுச்சு, ரெண்டு தடவை.

சாயல்குடிப் பக்கம் கலயத்துல சுண்ணாம்பு தடவி இறக்குற பதநீர்? குடிங்க. இப்போ சீசன் முடியப் போகுது.

ஜூன் 8

ஒண்ணு விட்டுப் போச்சு, காக்கா கேட்ட தண்ணிக்கு இதுதான் சரியான கதை. 1880-கள்ல லண்டன்ல சிட்னி ரிங்கர்னு ஒரு டாக்டர் தவளை இதயத்தை வெளிய எடுத்து உப்புத் தண்ணியில துடிக்க வச்சார். நல்லாத் துடிச்சுச்சு. அப்புறம் பார்த்தா, காய்ச்சி வடிச்ச தண்ணிக்குப் பதிலாக் குழாய்த் தண்ணியில கரைசல் கலந்திருக்காங்க. சுத்தமான தண்ணியில கலந்தா இதயம் நின்னு போச்சு. குழாய்த் தண்ணியில இருந்த கால்சியம்தான் துடிக்க வச்சிருக்கு. இன்னிக்கு ஆர்.எல்.னு ஏத்துற பாட்டில், ரிங்கர் லாக்டேட், அந்தக் கோளாறுல பிறந்தது. அதுல கால்சியம் இருக்கிறதாலதான் ரத்தம் ஏத்துற அதே டியூப்ல அதை விடமாட்டாங்க, உறைஞ்சுடும்.

மதுரையில ஒரு தடவை பிளேட்லெட் குடுத்தேன். மெஷின்ல ரத்தம் உறையாம இருக்க சிட்ரேட் கலப்பாங்க, அது கால்சியத்தைப் பிடிச்சுக்கும். அரை மணியில உதட்டைச் சுத்தி எறும்பு ஊறுச்சு. கால்சியம் மாத்திரையை மெல்லச் சொன்னாங்க, போயிடுச்சு. இத்தனை வருஷம் அடுத்தவங்க கால்சியத்தை அளந்திருக்கேன், என் கால்சியம் குறைஞ்சா எப்படி இருக்கும்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சது.

ஜூன் 15

பாட்டில் வந்துச்சு! காக்கா நேர்லயே வந்தார், தொதல் இனிப்புப் பொட்டலத்தோட. அவர் முன்னாடியே பார்த்தேன்.

மொத்தக் கடினம் லிட்டருக்கு 740 மில்லிகிராம். கால்சியம் 120, மக்னீசியம் 107. கார்பனேட் கணக்குல 300, 440. ஆக மக்னீசியம்தான் கூட. முதல்ல சொன்னது சரி, வாபஸ் வாங்கினது வீண். இந்தக் கிணத்துக்கு மட்டும். பக்கத்துத் தெருவுக்கு நான் பொறுப்பில்ல.

மொத்தக் கரைஉப்பு 2,900. வேற வழியில்லாட்டிகூட 2,000-ஐத் தாண்டக் கூடாது. ரெண்டு லிட்டர் குடிச்சா 240 மில்லிகிராம் கால்சியம் வரும், கூடவே உப்பும் வண்டி வண்டியா வரும். உம்மாவுக்கு பிபி மாத்திரை இருக்காம். கிணத்துத் தண்ணி பாத்திரம் கழுவ மட்டும்.

ஜூன் 19

காக்கா சொன்ன தகவல், அவர் அனுமதியோட. டாக்டர் வைட்டமின் டி பார்த்திருக்கார், 11. எலும்பு ஸ்கேன்லயும் குறைவு. கால்சியம் மாத்திரை தொடரணும், டி தனியா. ஆல்புமின் ஏன் குறைஞ்சதுன்னு சிறுநீர்ப் பரிசோதனை எழுதியிருக்கார். இன்னொண்ணும் கண்டுபிடிச்சிருக்கார்: உம்மா தைராய்டு மாத்திரையையும் கால்சியத்தையும் காலையில ஒரே வாய்த் தண்ணியில போட்டிருக்காங்க. ஒண்ணை ஒண்ணு பிடிச்சுக்கிட்டுத் தைராய்டு உள்ளயே போகாது. நாலு மணி நேரம் இடைவெளி வேணும். இப்போ தைராய்டு விடியக்காலை, கால்சியம் மதியச் சோத்தோட.

மாத்திரை டப்பாவுல பொடி எழுத்துல, சிப்பி ஓட்டுல இருந்து எடுத்த கால்சியம்னு போட்டிருந்துச்சாம். காக்கா வாசிச்சுக் காட்டியிருக்கார். உம்மா டப்பாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "கடக்கரையில காலைக் கிழிக்குது, இதையாடா காசு குடுத்து வாங்கிட்டு வர்றே?"ன்னாங்களாம்.